காயா பூக்கும் காடு

எங்கள் ஊரில் காயாவைக் காசாம்பூ என்பார்கள். மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் அது பூக்கும். ஏரி வற்றி ஓரமெல்லாம் சேறு வெடித்திருக்கும். களத்துமேட்டுப் புல் காய்ந்து, மாடுகள் வைக்கோலுக்குத் திரும்பியிருக்கும். ஊருக்குக் கிழக்கே ஐயனார் கோயில்காடு மட்டும் அந்த வெயிலிலும் கரும்பச்சையாக நிற்கும். உள்ளே போனால் அந்தப் பச்சைக்குள் நீலம். கிளை நுனியில் தேடினால் கிடைக்காது. இலை உதிர்ந்துபோன பழைய கொம்பில், கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாகப் பூ ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே தழை, கீழே பூ. நீலம் முழுக்க நிழலுக்குள்ளேயே இருக்கும்.

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட செம்மண் மேடு எங்களுடையது. இரவில் காற்று கிழக்கிலிருந்து வீசினால் கடல் இரைச்சல் கேட்கும். கோயில்காடு பெரிதொன்றும் இல்லை. நாலைந்து ஏக்கர் இருக்கும். நடுவில் சுட்ட மண் குதிரைகளோடு ஐயனார். குதிரைகளுக்குப் பின்னால் காடு அடர்ந்துவிடும். கொடிகள் மரத்துக்கு மரம் தாவிப் பின்னிக் கிடப்பதால், குனிந்துதான் போக வேண்டும்.

என்னை அங்கே அழைத்துப் போனது ஆயா, அப்பாவின் அம்மா. வெள்ளிக்கிழமைகளில் விளக்குக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டு போவார். காட்டு விளிம்பிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே விழுந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கலாம். ஆனால் அது அங்கேயே சாமிக்குப் பொங்கல் வைக்க மட்டும்தான். வீட்டு அடுப்புக்கு ஒரு குச்சிகூட வரக் கூடாது. நான் பூக்கொத்துக்குக் கை நீட்டினால், "கொம்ப ஒடிக்காத கண்ணு, சாமி ஊட்டு மரம்" என்பார். பூவைப் பறிக்க விடமாட்டார். உதிர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். காயாப் பூ உதிர்ந்தால் தரையெல்லாம் நீலப் பொடி தூவியதுபோல் ஆகிவிடும். உள்ளங்கையில் அள்ளினால் எடையே தெரியாது.

பழம் மட்டும் எங்களுடையது. பூ முடிந்து சில மாதம் கழித்துக் காய் உருண்டு, பச்சையிலிருந்து சிவந்து, கடைசியில் கருநீலமாகும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, தலையில் ஒரு சிறு கிண்ணம் போன்ற தழும்போடு இருக்கும். சதை மெல்லியது; இனிப்பைவிடத் துவர்ப்புதான் தூக்கலாக இருக்கும். தின்று முடித்தால் நாக்கு ஊதாவாகிவிடும். கொண்டைக்குருவிகளுக்கும் எங்களுக்கும் அந்த நாட்களில் போட்டிதான். வெள்ளைக்காரர் காலத்தில் சோழமண்டலக் கரையின் செடிகளைப் படத்தோடு பதிவு செய்த வில்லியம் ராக்ஸ்பர்க், 1795-ல் வெளிவரத் தொடங்கிய தம் நூல் வரிசையில் இந்தச் செடிக்கும் இடம் கொடுத்தார். உண்ணத் தக்கது என்று பொருள்படும் 'எடுலே' என்பதையே அதன் தாவரப் பெயரில் சேர்த்தார். மெமிசிலான் எடுலே. மெமிசிலான் அம்பெல்லேட்டம் என்ற பெயரிலும் நூல்களில் வரும்.

ஒரு பூவை மட்டும் நிதானமாகப் பார்த்தது கல்லூரிக்குப் போன பிறகுதான். விடுமுறையில் வந்தபோது கையில் ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தது. தூரத்தில் நீலப் பஞ்சாகத் தெரிவது, கண்ணாடிக்கு அடியில் ஒரு முழு வேலைப்பாடாக விரிந்தது. நான்கே நான்கு இதழ்கள். அவற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டு எட்டு மகரந்தத் தாள்கள். தாளின் காம்பும் நீலம், தலையும் நீலம். ஒவ்வொரு தலையின் முதுகிலும் ஒரு குழிவு, அதில் எண்ணெய் கசியும் சுரப்பி. மகரந்தப்பை முழுசாகத் திறந்து பொடியைக் கொட்டிவிடாது; சிறு பிளவு வழியாகத்தான் விடும். பூக்காம்பில்கூட நீலம் ஏறியிருந்தது. ஒரு கணுவில் இப்படிப் பத்து இருபது பூக்கள். ஒரு கொம்பில் இருபது முப்பது கணுக்கள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு நீலப்பட்டைத் தேனீ வந்தது. வயிற்றில் நீல வளையம் போட்ட, தேன்கூடு கட்டாத, தனியாகத் திரியும் தேனீ. பூவைக் கால்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே உடம்பை அதிரவைத்தது. பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிடக் கூர்மையான ஒலி. அந்த அதிர்வில்தான் பிளவு வழியாக மகரந்தம் தெறிக்கும். அடுத்த பூவுக்குப் போய் மறுபடியும் அதே. எத்தனையோ பங்குனி அந்தச் செடியின் கீழே உட்கார்ந்திருக்கிறேன். காடு முழுக்கக் கேட்ட அந்த விட்டுவிட்டு வரும் 'ஸ்ஸ்ங்' ஒலி எங்கிருந்து வருகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த விடுமுறையில் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. சுற்றிலும் வெந்துகிடக்கும் மண்ணில் இந்த நாலைந்து ஏக்கர் மட்டும் எப்படி இலை உதிர்க்காமல் நிற்கிறது? சோழமண்டலக் கரையில் ஆண்டுக்கு 1,000 முதல் 1,300 மில்லிமீட்டர் வரை மழை பெய்யும். அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு ஆறேழு மாதம் வறட்சி. இப்படிப்பட்ட இடத்தில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும் என்பதுதான் பொது வழக்கு. எங்கள் கரையில் அப்படி நடப்பதில்லை. இங்குள்ள மரங்களும் புதர்களும் சின்னதாக, தடித்ததாக, மெழுகு பூசினாற்போல் இலையை வளர்த்து, உள்ள ஈரத்தை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. காயா இலையை மடக்கினால் தோல்போல் வளையும், பிறகு சட்டென்று ஒடியும். மரங்கள் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போவதில்லை. தலைகள் ஒன்றோடொன்று கோத்துக் கூரையாகிவிட, கீழே வெயில் காசு காசாகத்தான் விழும். உதிரும் இலை மட்கி மெத்தையாகும். மழைத்தண்ணீர் அதில் இறங்கித் தங்கும்.

இதற்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியனும் சேத்தும் 1968-ல் வெளியிட்ட நூலில் இதைத் தனி வகையாக வைத்தார்கள். கரையோரம் ஒட்டிய குறுகலான பட்டைதான் இதன் உலகம். ஆந்திரக் கரையில் தொடங்கி இராமநாதபுரம் வரை இறங்கும். கடல் தாண்டி இலங்கையின் வறண்ட வடக்கிலும் கிழக்கிலும் இதன் உறவுக் காடுகள் இருக்கின்றன. அங்கேயும் பாலையும் வீரையும்தான் பெரிய மரங்கள். எங்கள் காட்டிலும் வீரை உண்டு, உலக்கைப் பாலை உண்டு. காட்டு எலுமிச்சை, களா, காரை இவையெல்லாம் அடுத்த வரிசை. காயா இவற்றுக்கு நடுவில், பெரிய மரமும் இல்லாமல் தரைச் செடியும் இல்லாமல், பல தண்டுகளோடு ஆளுயரத்துக்கும் கொஞ்சம் மேலே புதராக நிற்கும். மகாராஷ்டிரத்தின் மகாபலேசுவரம் மலையில் இதே இனம் காட்டின் பெரும்பகுதியாக நிற்கிறது, அஞ்சனி என்கிறார்கள். தமிழ்க் கரையில் அது இருக்க வேண்டுமென்றால் பக்கத்தில் வீரையும் பாலையும் வேண்டும்.

புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பிளாஸ்கோவும் லெக்ரியும் 1973-ல் இரண்டு காடுகளைப் பற்றி எழுதினார்கள். ஒன்று கோடியக்கரை, இன்னொன்று மரக்காணம். கோடியக்கரை 1967-லேயே வெளிமானுக்காகச் சரணாலயமாகிவிட்டதால் அங்குள்ள காடு அரசுக் காவலில் வந்தது. மற்ற இடங்களில் காடு மிஞ்சியது பெரும்பாலும் கோயிலால்தான். எங்கள் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றிய காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு காலத்தில் இந்தக் கரை முழுக்க எப்படி இருந்திருக்கும் என்று.

ஆயாவின் தங்கை ஒருவர் கோரைப்பாய் நெய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். சின்ன ஆயா என்று கூப்பிடுவோம். அவர்தான் காயா இலைக்கும் சாயத்துக்கும் உள்ள தொடர்பை எனக்குச் சொன்னார். கோரைக்குச் சிவப்பு ஏற்றச் சப்பங்கிக் கட்டையைச் செதுக்கி வேகவைப்பார்கள். கடுக்காய் சேரும். கூடவே காசா இலையும் சேரும். "இலை போடலன்னா செவப்பு பிடிக்காது, வெளுத்துடும்" என்றார். அவர் நெய்யும் காலத்தில் பாக்கெட் சாயம் வந்துவிட்டது. இலை போட்டது அவருடைய மாமியார் காலம். இதன் காரணத்தைப் பின்னால் படித்தேன். காயா தன் இலையில் அலுமினியத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி. படிகாரத்தில் இருப்பதும் அதே அலுமினியம்தான். நூலையும் சாயத்தையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. செம்மண்ணில் நிறையக் கிடக்கும் அந்த உலோகத்தைச் செடி உறிஞ்சி இலையில் வைக்க, மனிதர்கள் அதைக் கண்டுபிடித்துப் படிகாரத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆய்வுக்கூடம் இல்லாமல், சாயத்தொட்டிக்கு முன்னால் நின்று நின்று சேர்ந்த அறிவு அது. அந்த அறிவுக்கும் காடு பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது.

பள்ளியில் சங்க இலக்கியப் பாடம் வந்தபோது தமிழாசிரியர் முல்லை நிலத்துப் பூக்களைச் சொன்னார். கொன்றை, காயா, பிடவம், தளவம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களிலும் காயா உண்டு என்றார். புலவர்கள் அதை மயிலின் கழுத்தோடு சேர்த்துப் பாடியதையும், ஆழ்வார்கள் திருமாலின் மேனிக்கு அந்த நிறத்தைச் சொன்னதையும் சொன்னார். வகுப்பில் யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டபோது, நான் எழுந்து நின்று எங்கள் ஊர்க் காசாவைச் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரே வந்துவிட்டார். பூ முடியும் சமயம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கொம்பில் மிச்சமிருந்த ஒரு கொத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். முப்பது வருடமாக இதைப் பாடம் நடத்துகிறேன், இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஊரில் இருக்கும் ஒன்று எவ்வளவு பெரியது என்பது எனக்கு அவர் முகத்தில்தான் தெரிந்தது.

வேலைக்காக ஊரைவிட்டுப் போன பின் பங்குனியில் வருவது தவறிக்கொண்டே போனது. வந்த ஒவ்வொரு முறையும் காட்டின் விளிம்பு உள்ளே நகர்ந்திருந்தது. முன்பு காட்டைச் சுற்றி மேய்ச்சல் நிலமும் களாப் புதரும் இருக்கும். அது முந்திரித் தோப்பாகி, முந்திரித் தோப்பு மனைக்கட்டாகிவிட்டது. விளிம்புப் புதர் போனதும் காற்றும் வெயிலும் நேரே காட்டுக்குள் புகுந்தன. ஐயனாருக்குச் செழிப்பான காலமும் வந்தது. வெளியூரில் சம்பாதித்தவர்கள் மண்டபம் கட்டித் தந்தார்கள். நடைபாதைக்குச் சிமெண்ட் போட்டார்கள். விளக்குக் கம்பம் நட்டார்கள். எல்லாமே பக்தியோடு செய்ததுதான். கொம்பை ஒடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை இன்றைக்கும் யாரும் மீறவில்லை. நிற்கும் மரத்தில் கை வைப்பதில்லை. தரையைத்தான் சுத்தம் செய்தார்கள். திருவிழாவுக்குத் திருவிழா சருகைக் கூட்டிக் கொளுத்தினார்கள். பாம்பு வரும் என்று செடிகொடிகளை அரித்தெடுத்தார்கள். காடு பார்ப்பதற்கு இருந்தது. அடியில் ஒரு கன்றுகூட இல்லை. முதியவர்கள் மட்டும் வாழும் வீடுபோல் ஆகிவிட்டது அது.

காயாவின் விதை, பிடிவாதமான விதை. புளியங்கொட்டை மாதிரி டப்பாவில் போட்டு வைத்து மழைக்கு எடுத்து ஊன்ற முடியாது. காய்ந்தால் செத்துவிடும். பழுத்தவுடன் சதையை நீக்கி, ஈரம் இருக்கும்போதே மட்கிய மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். காட்டில் குருவி தின்று போடுவது சருகு மெத்தையில் விழும், நிழலிலேயே முளைக்கும். சருகு இல்லாத, கூட்டிப் பெருக்கிய தரையில் விழுந்தால் ஒரு வாரத்தில் வெந்துபோகும். ஆக, ஒரு கொம்பைக்கூட ஒடிக்காமலே ஒரு காட்டை முடித்துவிடலாம்.

எனக்கு அந்தச் சமயத்தில் தோன்றியது, ஒரு கன்றாவது வீட்டில் வைத்துக் காப்பாற்றிவிட வேண்டும் என்பது. ஆரோவில் பக்கம் நாற்றங்கால்களில் கிடைக்கும் என்றார்கள். 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டில் மரமே அரிதாக இருந்தது. மழை அரித்த ஓடைகளோடு செம்மண் வெறிச்சோடிக் கிடந்தது. வந்தவர்கள் முதலில் கரை போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, வேகமாக வளரும் அக்கேசியா மரங்களை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். அந்த நிழலுக்கு அடியில்தான் இந்த மண்ணுக்கே உரிய மரங்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றின் விதைக்கு அவர்கள் போனது சுற்றுவட்டாரக் கோயில்காடுகளுக்கு. பிச்சாண்டிக்குளம் காடு இப்படி எழுந்ததுதான்.

நாற்றங்காலில் பைகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் காசா கன்று கேட்டேன். பக்கத்து ஊர்க்காரர்.

"இருக்குக்கா. எங்க வெக்கப் போறீங்க?"

"வீட்டு வாசல்ல."

"வாசல்ல நிழல் இருக்கா?"

"இல்ல, நல்ல வெயில் அடிக்கும்."

"அப்ப மொதல்ல நெழலுக்கு ஒரு மரத்த வெச்சி ஏத்திட்டு வாங்கக்கா. இது கன்னா இருக்கறப்ப வெயில் தாங்காது. நாலு மரம் சேந்து நின்னாதான் இது நிக்கும்."

பைகளைக் காட்டினார். வேம்பும் புங்கனும் அதே வயதில் இடுப்பளவு வந்திருக்க, காயா நாலைந்து ஜோடி இலையோடு விரல் உயரத்தில் நின்றது. இலைகள் மட்டும் பெரிய செடியின் இலைபோலவே தடித்துப் பளபளத்தன. இது இப்படித்தான், அவசரமே படாது என்றார் அவர். அன்றைக்கு நான் கன்று வாங்கவில்லை. காயாவைக் காப்பாற்ற வேண்டிய இடம் என் வீட்டு வாசல் இல்லை, அது நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருக்கும் கோயில்காடுதான் என்ற முடிவோடு ஊருக்குத் திரும்பினேன்.

பூசாரி மாமாவிடம்தான் முதலில் பேசினேன். சருகைக் கொளுத்துவதை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். குப்பையாகத் தெரியும், ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தயக்கம். அவரைக் காட்டுக்குள் அழைத்துப் போய், பெரிய செடியின் கீழே தரையைக் காட்டினேன். "மாமா, நீங்க சின்னப் பையனா இருந்தப்ப இதுக்கு அடியில கன்னு இருக்குமா?" அவர் யோசித்தார். நடக்க முடியாத அளவுக்கு இருக்கும், கால் வைத்தால் குத்தும் என்றார். பிறகு அவரே ஊர்க்கூட்டத்தில் பேசினார். நான் பேசியிருந்தால் படித்த பெண் ஏதோ சொல்கிறாள் என்று போயிருக்கும். சாமி இடத்தில் குழந்தையே பிறக்காமல் இருக்கிறது என்று அவர் சொன்னபோது, கூட்டம் அமைதியாகக் கேட்டது.

முடிவு எளிமையானது. கோயிலுக்கு முன்னால் வழக்கம்போலப் பெருக்கிக்கொள்வது. குதிரைகளுக்குப் பின்னால் துடைப்பமும் அரிவாளும் நெருப்பும் போகக் கூடாது. முன்பக்கம் கூட்டும் சருகைக் கொளுத்தாமல் பின்பக்கம் கொண்டுபோய்ப் பரப்ப வேண்டும். மனைப் பக்கத்து விளிம்பில் களாவும் காரையும் முளைத்தால் வெட்டக் கூடாது. அது காட்டுக்குச் சுவர். செலவு ஒன்றுமில்லை. பெயர்ப் பலகையும் தேவைப்படவில்லை.

சில மழை கழிந்து போய்ப் பார்த்தபோது வீரைக் கன்றுகள் முதலில் வந்திருந்தன. பிறகு காட்டு எலுமிச்சை. அவற்றின் மறைவில், சருகை விலக்கினால், எதிரெதிராக இரண்டிரண்டு இலையோடு காயா. இப்போது அவற்றில் சில முழங்கால் உயரம். பூக்க இன்னும் நாளாகும். நான் பார்ப்பேனா என்பது பெரிய விஷயமில்லை. அந்த நீலப்பட்டைத் தேனீக்கும் கொண்டைக்குருவிக்கும் வேலை தொடர்ந்து இருக்கும் என்பது போதும்.

விழுப்புரம், கடலூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டைப் பக்கங்களில் ஐயனாருக்கோ அம்மனுக்கோ விட்ட காடு இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. உங்கள் ஊரிலும் இருந்தால், வரும் பங்குனியில் உள்ளே போய்ப் பாருங்கள். பழைய கொம்பில் நீலம் இருந்தால் மகிழ்ச்சி. அதோடு குனிந்து, அடியில் கன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், அது ஊர்க்கூட்டத்தில் பேச வேண்டிய காரியம். மண்டபத்துக்கு நன்கொடை கேட்கும் அதே உரிமையோடு, பின்பக்கத்தை விட்டுவையுங்கள் என்று கேளுங்கள். சாமியின் பெயரால் கேட்டால் ஊர் கேட்கும். எங்கள் ஊர் கேட்டது.